கீலை முதலில் வாங்குங்கள்

வீட்டில் சொந்தக் கையால் ஏதாவது செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கீலைக் கடைசியில்தான் வாங்குகிறார்கள். பலகை, பெயிண்ட், ஒயர் எல்லாம் வந்து, வேலை முக்கால்வாசி முடிந்த பிறகு, “அடடா, இதைத் திறந்து மூட ஒரு கீல் வேணுமே” என்று கடைக்கு ஓடுவது. கண்ணில் பட்டதை வாங்கி வந்து, இடம் கிடைத்த பக்கத்தில் முடுக்குவது. இது தலைகீழ் வேலை என்பது என் கட்சி. எந்தக் கீல், எந்தப் பக்கம், யார் திறக்கப் போகிறார்கள் என்று முடிவு செய்துவிட்டுத்தான் பலகையில் ரம்பத்தை வைக்க வேண்டும். கீல் என்ன அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். ஒரு வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படிக் கேட்டவன்தான்.

சமாசாரம் ஒரு விளையாட்டுப் பெட்டி. தொண்ணூறுகளில் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் சின்னக் கடைகளில் ஆள் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்த வீடியோ கேம் பெட்டிகள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டியூஷனுக்குப் போன பையனைத் தேடிக்கொண்டு போனால் அங்கேதான் இருப்பான். ஜப்பானியக் கம்பெனியான கேப்காம் 1993இல் வெளியிட்ட ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’ என்ற ஆட்டத்தை நம் பையன்கள் யாரும் அந்தப் பெயரால் சொன்னதில்லை. அதில் வரும் ஓர் ஆளின் பெயரை வைத்து ‘முஸ்தபா’ என்றே சொன்னார்கள். என் மகனும் முஸ்தபாவுக்கு நிறையக் காசு அழுதவன். இப்போது அவன் மகன், கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறவன், போன வருஷம் மே மாத லீவில் ஆலங்குளத்துக்கு வந்து, “தாத்தா, அந்தப் பெட்டியை நாமளே செய்வோமா?” என்றான்.

உள்ளே இருக்க வேண்டிய கம்ப்யூட்டர் இன்று ஒரு சீட்டுக்கட்டு அளவுதான். ராஸ்பெர்ரி பை என்று பெயர். பழைய டி.வி. ஒன்று பரணில் இருந்தது. மற்றதெல்லாம் பிளைவுட்டும் ஆசாரி வேலையும். பெட்டியின் இடுப்பு உயரத்தில், விளையாடுகிறவன் கை வைக்கும் பலகை ஒன்று உண்டு. பேனல் என்கிறார்கள். எங்கள் பேனல் இரண்டடி அகலம், 18 மில்லிமீட்டர் பிளைவுட். இருவர் சேர்ந்து விளையாட இரண்டு குச்சிகள், ஆளுக்கு ஆறு பட்டன், ஆட்டத்தைத் தொடங்க இரண்டு, ஆக 14 பட்டன்கள். ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் ஒரு சின்ன சுவிட்ச், அதற்கு இரண்டு முனை. ஒவ்வொரு குச்சிக்கும் அடியில் நான்கு சுவிட்ச். கூட்டிப் பார்த்தால் அந்தப் பலகைக்கு அடியில் 44 இடங்களில் ஒயர் மாட்டியிருக்கிறது. பிள்ளைகள் ஓங்கி ஓங்கி அடிக்கிற பலகை. என்றைக்காவது ஒரு முனை கழன்றுதான் தீரும்.

இந்தக் கணக்கை நான் அன்று போடவில்லை. பேரன், “பேனலைத் திறக்கிற மாதிரி வைக்கலாமா தாத்தா?” என்று கேட்டபோது, “எதுக்குடா? தினமும் திறந்து பூஜையா பண்ணப் போறோம்? ஸ்குரூ போட்டு மூடிரு” என்றேன். 14 ஸ்குரூ போட்டு மூடினான். பெட்டி நன்றாகவே ஓடியது. லீவு முடிந்து அவன் கிளம்பிப் போனான்.

மூன்றாம் வாரம் இரண்டாம் ஆட்டக்காரர் பக்கத்தில் ஒரு பட்டன் செத்துவிட்டது. குதிக்கிற பட்டன். சிவகாசியில் இருக்கும் என் மகள் வயிற்றுப் பேத்திக்கு எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவாள். முதல் இடம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு, அவன் பெரியவன். இரண்டாம் இடம் இவளுக்கு. “தாத்தா, எனக்கு மட்டும் குதிக்க வர மாட்டேங்குது” என்றாள். இடம் மாறி உட்காரச் சொன்னால் அவனுக்குக் குதிக்க வராது, அதற்கு ஒரு சண்டை. “அண்ணன் வரட்டும், சரி பண்ணிருவான்” என்றேன். அடுத்த ஞாயிறும் அதையே சொன்னேன். நாலைந்து வாரம் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். அப்புறம் விளையாடுவதையும் நிறுத்திவிட்டு, வந்தால் என் செல்போனை வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார ஆரம்பித்தாள்.

நீங்களே திறந்திருக்கலாமே என்று கேட்கலாம். ஒரு நாள் திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கட்டைவிரல் மூட்டு இரண்டு ஸ்குரூவுக்கு மேல் இடம் கொடுக்கவில்லை. மூன்றாவது ஸ்குரூவின் தலை மழுங்கிவிட்டது. அப்படியே எல்லாவற்றையும் கழற்றினாலும், பலகையைத் தூக்கி எங்கே வைப்பது? அடியில் ஒயர்கள் தொங்கும். ஒரு கையில் பலகையைத் தாங்கிக்கொண்டு இன்னொரு கையால் உள்ளே தேட வேண்டும். விட்டுவிட்டேன்.

தீபாவளிக்கு வந்த பேரன் அரை மணி நேரம் போராடித் திறந்தான். கழன்று கிடந்த ஒரு முனையை விரலால் தள்ளி மாட்டினான். இரண்டு வினாடி வேலை. “இதுக்கா தாத்தா இத்தனை மாசம்?” என்றான். அவன் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. பட்டன் போனது யார் குற்றமும் இல்லை. திறக்க முடியாமல் மூடச் சொன்னவன் நான்.

அன்றைக்கே ஆசாரியை வரச் சொன்னோம். பேரன் ஊரில் இருக்கும்போதே பேனலுக்குக் கீல் போட்டுவிட வேண்டும் என்று முடிவு. கீல் என்றால் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அந்த நான்கு நாட்கள் ஒரு படிப்பு.

கிராமத்துப் பழைய வீட்டுக் கதவுகளில் இரும்புக் கீலே கிடையாது. கதவுப் பலகையின் மேலும் கீழும் குடுமி விட்டுச் செதுக்கி, நிலையில் குழி வெட்டி அதில் நிறுத்துவார்கள். மரமே சுழலும். பிறகுதான் இரும்புக் கீல் வந்தது. பிசாகிரி என்றும் விசாகிரி என்றும் சொல்கிறோமே, அது ‘பிசாக்ரா’ என்ற போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில் என்பது என் பழைய வாசகர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் கீலுக்கு ஒரு சொல் போதாது. பெட்டி மூடிக்குப் போடுவது ‘ஷார்னியேர்’. சுவரில் அறைந்து கதவைத் தாங்கும் முளை ‘கோன்’. ஒருவனுக்குக் கோபம் தலைக்கேறினால் ‘கோனிலிருந்து கழன்றுவிட்டான்’ என்பார்கள். மூன்றாவது ‘போமெல்’. இது இரண்டு துண்டு. ஒன்றில் முளை, இன்னொன்றில் குழாய். கதவை அப்படியே மேலே தூக்கினால் கழன்று கையோடு வந்துவிடும். சின்ன வயதில் வெள்ளையடிக்கும்போது ஜன்னல் கதவுகளை இப்படித் தூக்கிக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே நான் பெருமையாக, “போமெல் போடுவோம். வேணும்னா பேனலையே கழற்றி மேஜை மேல வச்சு வேலை பாக்கலாம்” என்றேன். ஆசாரி பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “சார், கதவு நிமிர்ந்து நிக்குது, மேல தூக்கலாம். இது படுத்துக் கிடக்கிற பலகை. கழற்றணும்னா பக்கவாட்டுல தள்ளணும். ரெண்டு பக்கமும் சுவர் மாதிரி பலகை இருக்கே, எங்க தள்ளுவீங்க?” என்றார். என் பிரெஞ்சுப் படிப்பு அத்தோடு முடிந்தது.

அடுத்து, இப்போது மாடுலர் கிச்சன் அலமாரிகளில் போடுகிறார்களே, உள்ளே ஒளிந்திருக்கும் கிண்ணக் கீல், அதைப் பார்த்தோம். வெளியே எதுவும் தெரியாது, அழகுதான். ஆனால் பலகையில் 35 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் குழி தோண்ட வேண்டும். உள்பக்கம் நிறைய இடத்தை அடைக்கும். எங்களுக்கோ உள்பக்கம்தான் ஒயரும் குச்சிகளின் அடிப்பாகமும். தவிர, சாதாரணமாக அது 110 டிகிரி அளவுக்குத்தான் திறக்கும். அலமாரிக்கு அது போதும். எங்களுக்கு ஏன் போதாது என்று சொல்கிறேன்.

எந்தப் பக்கம் திறப்பது என்பதில்தான் பெரிய விவாதம் நடந்தது. பேரன், கார் பானெட் மாதிரி, டி.வி. பக்கம் கீல் வைத்து முன்பக்கத்தைத் தூக்கலாம் என்றான். அதில் ஒரு சௌகரியம் உண்டு, தூக்கினால் அடிப்பாகம் நம்மைப் பார்த்து நிற்கும். ஆனால் முழுக்கத் தூக்குவதற்கு முன்பே குச்சிகளின் தலை டி.வி. கண்ணாடியில் இடிக்கும். அதனால் பாதியில் நிறுத்தி முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டு நழுவினால் பலகை விழுவது உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும் விரல்கள் மேல்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது நம் ஊர்ப் பட்டாசு அறைகள். வேலை பார்த்த நாட்களில் லைசென்ஸ் நிபந்தனைகளைப் படியெடுத்து எடுத்துக் கை ஓய்ந்தவன் நான். வேலை நடக்கும் அறையின் கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும். ஆபத்து என்றால் உள்ளே இருப்பவன் கதவை இழுக்க நேரம் இருக்காது. தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். உள்ளே இரும்பு தெரியும்படி இருக்கக் கூடாது, ஏனென்றால் இரும்பும் இரும்பும் உரசினால் பொறி. கீல் எந்தப் பக்கம், எந்த உலோகம் என்பதற்கு இந்தப் பகுதியில் உயிர்க் கணக்கு இருக்கிறது. விளையாட்டுப் பெட்டியில் உயிர் போகாதுதான். ஆனால் எட்டு வயதுக் குழந்தையின் விரல் போகலாம். அச்சகத்தில் டிரெடில் மிஷின் ஓட்டிய பெரியவர்களைக் கேளுங்கள், திறந்து மூடும் வாய்க்குள் விரல் விடுவது என்றால் என்னவென்று சொல்வார்கள்.

எனவே கீலை முன்விளிம்பில், விளையாடுகிறவன் வயிற்றுப் பக்கம் வைக்க முடிவு செய்தோம். பின்விளிம்பைத் தூக்கினால் பலகை நம் பக்கமாகக் கவிழ்ந்து, அடிப்பாகம் மேலே தெரிய, மேஜை போல விரிந்து நிற்கும். குச்சிகள் கீழே காற்றில் தொங்கும். இதற்கு 180 டிகிரி திறக்க வேண்டும். கிண்ணக் கீல் ஒத்துவராது என்றது இதனால்தான். கை நழுவினாலும் பலகை விழுவது வெளிப்பக்கம். அப்படி ஒரேயடியாக விழாமல் இருக்க இரண்டு பக்கமும் ஒரு சின்னச் சங்கிலி. பழைய கடை மிஷின்களிலும் பேனல் பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் கவிழும் என்று பேரன் பிறகு படம் காட்டினான். காசு போடும் இடத்துக் கதவைச் சாவியால் திறந்து, கையை உள்ளே விட்டுக் கொண்டியை எடுத்துவிட்டால் பேனல் வந்துவிடுமாம். நாங்களும் முன்பலகையில் ஒரு சின்னக் கதவு வைத்து, உள்ளே இரண்டு டிரங்குப் பெட்டிக் கொண்டிகளை மாட்டினோம்.

மிச்சம் இருந்தது இரண்டு. சாதாக் கீல் இரண்டு போடலாம், தப்பே இல்லை. ஆனால் அதன் தகடு தடிமன். காடி வெட்டி உட்கார வைக்காவிட்டால் பலகைக்கும் முன்பலகைக்கும் நடுவில் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் விரல் நுழையும். கடைசியில் வாங்கியது பியானோ கீல். நீள நெடுக ஒரே கீல். தகடு மெல்லியது, ஓரம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். சிவகாசி ஹார்டுவேர் கடையில் ஆறடி நீளமாகத்தான் கொடுத்தார்கள். இரண்டடியை ஹாக்ஸா பிளேடால் அறுத்துக்கொண்டோம். எவர்சில்வரில் வாங்குங்கள். விளையாடுகிறவன் கை வியர்வை படும் இடம்.

அதிலும் ஆசாரி ஒரு பாடம் சொன்னார். பிளைவுட்டின் முகத்தில் ஸ்குரூ பிடிக்கும், விளிம்பில் பிடிக்காது, அடுக்கு பிளந்துவிடும். கீலின் ஒரு தகடு பேனலின் அடிமுகத்தில் விழுகிறது, அது சரி. இன்னொரு தகடு முன்பலகையின் மேல் விளிம்பில் விழுகிறது. அதனால் அந்த விளிம்பில் ஓர் அங்குலத்தை அறுத்து எடுத்துவிட்டு, வேப்பமர ரீப்பர் ஒன்றை ஒட்டி, அதில் ஸ்குரூவை இறக்கினார். பலகையை முதலிலேயே அறுத்து, பெயிண்ட் அடித்து, ஒட்டி முடித்திருந்ததால் இந்த ஒரு வேலைக்கு அரை நாள் கூலி. கீலை முதலில் தீர்மானித்திருந்தால் இந்தச் செலவு இல்லை.

இன்னும் இரண்டு விஷயம். மூடியிருக்கும்போது பேனலின் பாரம் கீலில் இருக்கக் கூடாது. பிள்ளைகள் கையை ஊன்றி அடிக்கிற அடியைக் கீல் தாங்காது. பக்கப் பலகைகளில் உள்ளே சட்டம் அடித்து, பேனல் அதன் மேல் உட்கார வேண்டும். கீலின் வேலை திறப்பது மட்டும்தான். கேட்டில் தொங்கி ஆடும் பிள்ளைகளை நாம் விரட்டுவதும் இதனால்தானே. இரண்டாவது, ஒயர். பட்டன் ஒயர்களெல்லாம் வந்து சேரும் சின்ன எலெக்ட்ரானிக் போர்டுகளைப் பெட்டிக்குள் வைக்காமல் பேனலின் அடியிலேயே முடுக்கிவிட்டால், 44 முனைகளும் பேனலோடு போய் பேனலோடு வரும். கீலைத் தாண்டிப் போவது இரண்டே இரண்டு கேபிள். அவற்றுக்கு அரையடி தொய்வு விட்டு, இரு பக்கமும் கிளிப் போட்டுவிட்டால் இழுபடாது.

இதெல்லாம் ஒரு விளையாட்டுச் சாமானுக்கு அதிகம் என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். “வருஷத்துக்கு ஒரு தடவை திறக்கிறதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?” நியாயமான கேள்வி. என் பதில், நம் வீடுகளில் இருந்த தையல் மிஷின். அதன் தலையைப் பின்னால் சாய்க்க இரண்டு கீல் இருக்கும். சாய்த்து அடியில் எண்ணெய் விடலாம். என் மனைவி எந்த மெக்கானிக்கும் இல்லாமல் முப்பது வருஷம் அதை ஓட்டினாள். அதைச் செய்தவன், இதை வாங்குகிறவள் ஒரு நாள் அடியில் பார்க்க வேண்டியிருக்கும் என்று முன்பே நினைத்திருக்கிறான். இன்றைய செல்போனைப் பாருங்கள், பின்பக்கம் கோந்து போட்டு ஒட்டி வருகிறது. பேட்டரி போனால் போனே போனது. பிரான்சில் 2021 ஜனவரி 1 முதல், செல்போன், லேப்டாப், டி.வி., வாஷிங் மெஷின் போன்ற சிலவற்றுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று பெட்டிக்குப் பக்கத்தில் எழுதி வைக்கச் சட்டம் போட்டார்கள். ரிப்பேர் செய்ய எவ்வளவு சுலபம் என்பதற்கான மார்க். கழற்ற எளிதா, உதிரி பாகம் கிடைக்குமா, என்ன விலை என்றெல்லாம் பார்த்துப் போடுகிறார்கள். நம் அரசும் 2022 டிசம்பரில் இதற்காக ஓர் இணையதளம் தொடங்கியிருக்கிறது. கம்பெனிக்காரனைச் சட்டம் போட்டுத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. நம் வீட்டில் நாமே செய்யும் பெட்டிக்கு எந்தச் சட்டமும் வேண்டாம். செய்கிறவன் நினைத்தால் போதும்.

செய்கிறவன் ஊருக்குப் போய்விடுவான், இதுதான் விஷயம். படிப்புக்கோ வேலைக்கோ போவான், போக வேண்டியதுதான். பொருள் இங்கே இருப்பவர்களிடம் இருக்கும். என்னைப் போல விரல் மடங்காதவனிடமும் என் பேத்தியைப் போலச் சின்னவளிடமும். வருஷத்துக்கு ஒரு தடவைதான் திறக்க வேண்டியிருக்கும், உண்மை. அந்த ஒரு தடவை அவனை எதிர்பார்த்து உட்காராமல் இவர்களால் திறக்க முடிய வேண்டும். அப்படித் திறக்க முடியாத பொருளை நான் இனி முடிந்த பொருள் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பொங்கலுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்துப் பட்டன் ஒன்று நின்றது. மெயின் பிளக்கைப் பிடுங்கினேன். இதை யாரும் மறக்க வேண்டாம், பெட்டிக்குள் 230 வோல்ட் இருக்கிறது. பேத்தி சின்னக் கதவு வழியாகக் கையை விட்டு இரண்டு கொண்டிகளையும் எடுத்தாள். நான் பலகையைக் கவிழ்த்துப் பிடித்தேன். ஒயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, கழன்றதை அவளே மாட்டினாள். பக்கத்து வீட்டுப் பையன் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து நிமிஷம் ஆகவில்லை. மூடியதும் முதல் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

மிச்சம் நாலடி பியானோ கீல் பரணில் கிடக்கிறது. ஆலங்குளத்தில் யாராவது இந்த மாதிரிப் பெட்டி செய்வதாக இருந்தால் வந்து வாங்கிக்கொண்டு போகலாம். பலகையை அறுப்பதற்கு முன்னால் வாருங்கள்.